பியூலா மறுபடியும் பியர் போடுகிறாள்

கொதி வந்த பெறவு டைமரை அமுக்குனேனா, இல்ல வாறதுக்கு முன்னாடியே அமுக்கித் தொலைச்சேனா. போன்ல அம்பத்தாறுன்னு ஓடுது. அப்பன்னா நாலு நிமிசம் கொதிச்சிருக்கணும், ஆனா சட்டியில நுரை இப்பத்தான் தலையத் தூக்குது. கூறுகெட்டவ. பால் கம்பெனி லேபுல பதினாறு வருசமா நிமிசத்துக்கு நிமிசம் எழுதி வைக்கவ, சொந்தக் கராஜுல ஒரு சட்டி கொதிக்கதுக்கு நேரம் தெரியாம நிக்கேன். ஒரு மணி நேரம் கொதிக்கணும், அது மட்டும் மறக்கல. முதல்ல முப்பது கிராம் ஹாப்ஸ், பூவப் பொடிச்ச குருணை, கசப்புக்கு. போட்டாச்சு. போட்டேன்லா, பாக்கெட்டு கிழிஞ்சு கெடக்கு, கோழித்தீவனம் மாதிரி பச்சக் குருணை ரெண்டு தரையில கெடக்கு, போட்டாச்சு. கடைசியில வாசத்துக்கு இன்னொரு தடவ போடணும். நோட்டுல என் கையெழுத்துல 15ன்னு மட்டும் இருக்கு. பதினஞ்சு கிராமா, பதினஞ்சு நிமிசம் இருக்கும்போதா, ரெண்டுமா. அன்னைக்கு எழுதுனவளுக்கு அது தெரிஞ்சிருக்கு, அதனால மிச்சத்த எழுதல. ஏழு வருசம் கழிச்சு ஒருத்தி வந்து முழிப்பான்னு அவ நெனைக்கல. மெல்போர்னுல ஜூன் மாசக் குளிரு, ஷட்டரப் பாதி தூக்கி வச்சிருக்கேன் கேஸ் புகை போக, கால் ரெண்டும் விறைக்கி, முகம் மட்டும் ஆவியில வேகுது. முளைகட்டுன பார்லி கொதிக்க வாசம். இனிப்பா, சூடா, கேப்பைக் கூழு அடிப்பிடிக்கப் போற நேரத்துல வருமே, அது. இந்த வாசத்துக்கு என் நாக்கு ஊறுது. ஊறட்டும், என் நாக்குக்கு என்ன. இவியளுக்கு ஊறுனா என்ன செய்ய. எங்க வீட்டுக்காரரு செல்வின் ஒரு சொட்டு தொட்டு ஏழு வருசம் நாலு மாசம் ஆச்சு. அத நானே என் கையால கெடுத்துட்டேன்னா.

கெடுக்கல, இவியதான சொன்னாவ. மூணு வாரத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம, சர்ச்சுக்குப் போயிட்டு வந்து சட்டையக் கூட மாத்தாம, பின்னால ஷெட்டுல கெடந்த இந்தச் சட்டிய இழுத்துக்கிட்டு வந்தாவ. எட்டுக்கால் பூச்சி குடும்பம் நடத்திக்கிட்டிருந்த சட்டி. ஒக்காந்து தேய்ச்சாவ, அடி, ஓரம், கைப்பிடிக்குக் கீழ எல்லாம். என்ன செய்யுதீங்கன்னு கேட்டேன். “நீ மறுபடி போடு பியூலா. ஒனக்குப் பிடிச்ச வேல அது. எனக்கு ஒண்ணும் ஆகாது”ன்னாவ. இவியளே பெறவு சொன்னாவ, “எங்க ஊருல மரம் ஒண்ணுதான். கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதநீரு, தடவாட்டா கள்ளு. எனக்குத் தடவியாச்சு”ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இவிய பேச்சுல நான் எப்பவும் விழுந்துருவேன், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே விழுந்தவதான. மறுநாள் காலையில பஸ்ஸுல போறப்பதான் மண்டையில உறைச்சுது, சுண்ணாம்பு ஒரு தடவ தடவுனா போதாதே, தெனமும்லா தடவணும். அதுல இருந்து இதே யோசனை. எதுக்குச் சொன்னாவ. எம்மேல உள்ள பாசத்துல சொன்னாவளா. தன்னத்தானே சோதிச்சுப் பாக்க ஆசையா. இல்ல, இது நெனைக்கவே நாக்கூசுது, வீட்டுக்குள்ள ஒரு வாளி இருக்கட்டும்னு உள்ளுக்குள்ள இருக்கது பாசம்னு வேசம் போட்டுக்கிட்டு வந்துச்சா. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாவ. ஆனா இவிய குடிகாரன் இல்லையே இப்ப. இல்ல இருக்காவளா. சனிக்கெழம தோறும் குடிய விட்டவிய கூட்டத்துக்கு லைப்ரரிக்குப் பின்னால உள்ள ரூமுக்குப் போறாவ, அங்க எழுந்து நின்னு நான் குடிகாரன்னு தன் வாயாலயே சொல்லணுமாம், விட்டு ஏழு வருசம் ஆனவியளும் அப்படித்தான் சொல்லணுமாம். அப்ப எது நெசம். இன்னைக்கும் அங்கதான் போயிருக்காவ. இவிய இல்லாத நேரமாப் பாத்து அடுப்பப் பத்த வச்சவ நான். ஒண்ணும் ஆகாதுன்னு நம்புதவ எதுக்கு நேரம் பாக்கணும்.

நாப்பத்தாறு. நாப்பத்தாறுல போடணுமா, நாப்பத்தஞ்சுலயா. சீ, நாப்பத்தஞ்சுல இல்ல, பதினஞ்சு பாக்கி இருக்கும்போது. நுரை அடங்கி இப்பக் கொதி சீரா உருளுது. இந்த உருளுததப் பாத்துக்கிட்டு நிக்கத விட எனக்கு வேற சொகம் கெடையாது, உண்மையச் சொன்னா. லேபுல நாள் முழுக்கப் பாலக் கெடுக்க கிருமியத் தேடுத வேல. இருக்கா, இல்லையா, இருந்தா எம்புட்டு. சாயந்தரம் வீட்டுக்கு வந்து நானே ஒரு கிருமியக் கூப்பிட்டு, வா, தின்னு, பொங்குன்னு வாளிக்குள்ள விடுதது எனக்கு வெளையாட்டா இருந்துச்சு. குடிக்கது எனக்குப் பெருசில்ல. ஒரு பாட்டில், அதுல பாதி. வாளி மூடியில உள்ள சின்னக் குழாயில முதல் குமிழி புளுக்குன்னு வரும்லா, அதுக்காகக் கதவத் தெறந்து தெறந்து வந்து நிப்பேன். மக ஷெரின் அப்ப சின்னப் பிள்ள, அம்மா கராஜுல பேய் இருக்குன்னு ஓடி வருவா. வீட்டுல பியர் போடுதவியளுக்கு இங்க உள்ள கிளப்புல ரெண்டாம் பரிசு வாங்குனேன் ஒரு தடவ, புளியும் கருப்பட்டியும் போட்டு ஒண்ணு செஞ்சேன், வெள்ளக்காரன் ஒருத்தன் மோந்து பாத்துட்டுக் கண்ண மூடிக்கிட்டான். அன்னைக்கு இவிய எம்புட்டுப் பெருமையாக் கை தட்டுனாவ. தட்டுன அந்தக் கையிலயே வாசம் இருந்துச்சு. பியர் வாசம் இல்ல, விஸ்கி. தெரியும் எனக்கு. தெரிஞ்சும் எல்லாரும் பாக்காவளேன்னு சிரிச்சேன். அந்தச் சிரிப்ப நெனச்சா இப்பவும் எனக்கு எரியுது.

பெறவு அந்தக் கூத்து. லேபுல உள்ளவிய ஆறு பேர வீட்டுக்குக் கூப்பிட்டு, நாப்பத்திரெண்டு பாட்டில் போட்டு வச்சிருக்கேன், வாங்க ஒரு கை பாப்போம்னு சொன்னேன். மூடியத் தெறந்தா சத்தமே இல்ல. கிளாஸுல ஊத்துனா நுரை இல்ல. நெறம் மட்டும் அச்சு அசலா இருக்கு. ஒரு பொண்ணு குடிச்சுட்டு, நல்லா இருக்குன்னு மரியாதைக்குச் சொல்லுதா. நான் ஒரு வாய் வச்சேன். கட்டஞ்சாயா. ஆறிப்போன, பாலும் சீனியும் போடாத கட்டஞ்சாயா. அடுத்த பாட்டிலும் சாயா. அதுக்கு அடுத்ததும். எல்லாத்தையும் இவிய குடிச்சுட்டு, சாயா போட்டு ஆற வச்சு ஊத்தி, என் மெசினாலயே மூடி அடிச்சு வச்சிருந்தாவ. மூடி அம்புட்டு நேர்த்தி, நான் அடிக்கத விட நேர்த்தி. எத்தன நாள் சாயா போட்டாவளோ, எந்த நேரத்துல போட்டாவளோ, நான் வேலைக்குப் போன பெறவு தனியா நின்னு நாப்பத்திரெண்டு பாட்டிலுக்கு. சோபாவுல உக்காந்து டிவி பாத்துக்கிட்டிருந்தாவ, திரும்பவே இல்ல. நான் வந்தவியளப் பாத்து, பாட்டில் மாறிப்போச்சுன்னு சொன்னேன். மாறிப்போச்சாம். எனக்கும் பொய் சொல்லத் தெரியும்னு அன்னைக்குத்தான் கண்டேன். அதுக்கு மூணு மாசத்துல இவியளுக்குக் கண்ணு மஞ்சளாகி, வயிறு வீங்கி, பதினேழு நாள் ஆஸ்பத்திரி. இனி ஒரு சொட்டு போனா ஆளு இல்லன்னு டாக்டர் எங்கிட்டத் தனியா சொன்னாரு. வீட்டுக்கு வந்த அன்னைக்கே நான் சட்டி, வாளி, குழாய், பாட்டில் எல்லாத்தையும் ஷெட்டுல போட்டேன். போட்டேன், தூக்கி எறியல. ஏன் எறியலன்னு யாரும் கேக்கல, நல்லவேள.

ஐயோ பொங்குது. அடுப்பக் கொறச்சேன், ஊதுனேன், கொஞ்சம் வழிஞ்சு அடுப்புல தீஞ்சு போச்சு. பாலு பொங்குத மாதிரிதான், கண்ண எடுத்தா போச்சு. மணி என்ன, பதினேழு பாக்கி. ஹாப்ஸ் எடு. பதினஞ்சு கிராம்தான், கிராமும் பதினஞ்சு, நிமிசமும் பதினஞ்சு, அப்படித்தான் இருக்கணும், அதனாலதான் ஒரே ஒரு தடவ எழுதியிருக்கேன். இல்லாட்டாலும் இன்னைக்கு அதுதான். போட்டாச்சு. குப்புன்னு வருது வாசம், எலுமிச்ச எலையக் கசக்குன மாதிரி. இந்த வாசம் மூக்குக்குள்ள போன உடனே மனசுல ஒண்ணு தெறந்துக்கிடுது, நான் அழுதுருவேன் போலிருக்கு, ஒரு சட்டிக்கு முன்னால நின்னு அழுகதுக்கு நான் என்ன கிறுக்கியா. ஷெரின் அப்படித்தான் சொன்னா, போன வாரம் சிட்னியில இருந்து போன்ல, “அம்மா, ஒனக்குக் கிறுக்கா? பாலுக்குப் பூனையக் காவல் வைக்கியா?”ன்னு. அப்பாதான் சொன்னாவன்னேன். “அப்பா சொன்னா? அப்பா சொன்னதெல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கு”ன்னு வச்சுட்டா. அவ கோவம் நியாயந்தான். பதினாலு வயசுல ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுனவ அவ. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இங்க உள்ள தமிழ்ச் சனம் சர்ச்சுல என்ன பேசும், பொண்டாட்டியே காச்சிக் குடுத்தாளாம்னு பேசும், பேசட்டும், சனம் எதுக்குத்தான் பேசாது. ஷெரின் பேசமாட்டாளே. அதுதான் எனக்குப் பயம். அவ ஒண்ணுமே பேசமாட்டா. அப்ப எதுக்கு இதப் போடுதேன். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். வேண்டாம்னு சொன்னா, ஒங்கள நம்பலன்னு சொன்னது மாதிரி. போடுதேன்னு சொன்னா, ஒங்க உசுர விட எனக்கு இந்தக் குமிழி பெருசுன்னு சொன்னது மாதிரி. இதுக்கு நடுவுல ஒரு வார்த்த இருக்கும்லா, அது எனக்கு அகப்படல.

அடுப்ப அணைச்சு, செம்புக் குழாய்ச் சுருளச் சட்டிக்குள்ள எறக்கி, ஹோஸ மாட்டித் தண்ணியத் தெறந்தாச்சு. சுருளுக்குள்ள பச்சத்தண்ணி ஓடும், சட்டி ஆறும், இருபது டிகிரி வரணும். எம்பது. அறுவது. மணி பன்னெண்டே முக்கால். கூட்டம் பன்னெண்டு மணிக்கு முடியும், லைப்ரரியில இருந்து வீட்டுக்குக் கார்ல பத்து நிமிசம். ஏழு வருசத்துல பன்னெண்டேகால் தாண்டுனது கெடையாது, வந்ததும் சோத்துப் பானையத் தெறந்து பாப்பாவ, அதான் வழக்கம். நாப்பது. காபி குடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டு நிப்பாவளா இருக்கும். காபி அங்கயே தருவாவ. டயர் போச்சோ. போன் பண்ணலாம். பண்ணுனா எங்க இருக்கீங்கன்னு கேக்கணும், எங்க இருக்கீங்கன்னு நான் கேட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு, அந்தக் கேள்விக்கு ஒரு குரல் உண்டு, அது என் தொண்டையில திரும்ப வந்துரும். பண்ணல. முப்பது. லைப்ரரிக்கு எதுத்தாப்புல சாராயக் கடை ஒண்ணு உண்டு, வாசல்ல பச்ச லைட்டு. இத எதுக்கு இப்ப நெனைக்க. ஒரு மணி. ஒண்ணு அஞ்சு. வேல பாரு பியூலா. வாளியக் கழுவி மருந்துத் தண்ணியில அலசுனேனா, அலசுனேன், கரண்டிய, அலசுனேன், குழாய, அதையும். இருபத்திரெண்டு. போதும். சட்டியச் சாய்ச்சு வாளியில ஊத்துனேன், இடுப்பு பிடிச்சுக்கிட்டு. ஈஸ்ட் பாக்கெட்டக் கிழிச்சு மேல தூவுனேன். அப்பத்தான் தெருவுல கார் சத்தம். எங்க காரா. எங்க கார்தான், பிரேக்கு கீச்சுன்னு கத்தும். எப்படி வாராவ, நடை எப்படி இருக்கும், கண்ணு எப்படி இருக்கும், மொத வார்த்த நேரா வருமான்னு காத மட்டும் வெளிய விட்டுட்டு நின்னவ, குனிஞ்சு பாத்தா என் வலது கை முழங்கை வரைக்கும் வாளிக்குள்ள கெடக்கு. கரைச்சுக்கிட்டிருக்கேன். இட்லி மாவு கரைக்கத மாதிரி, வெரலால அளஞ்சு அளஞ்சு, அடியில இருந்து மேல இழுத்து.

கைய எடுத்தேன். சொட்டுது. இந்த ஊரு குளிருல நம்ம பொம்பளைய ஓவனுக்குள்ள லைட்டப் போட்டு மாவ வச்சுட்டு, பொங்கல பொங்கலன்னு பொலம்புவாளுவ. எனக்கு அந்தப் பாடே கெடையாது, என் கை பட்டாப் போதும், காலையில மூடியத் தள்ளிக்கிட்டு நிக்கும், பியூலா கை பொங்குத கைன்னு பேரு. கையில என்ன கிருமி இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும், லேபுல கண்ணாடிக்குக் கீழ வச்சுப் பாத்தவ. மாவுக்கு அது மகராசி. இதுக்குள்ள போனா புளிச்ச காடி. போகாமலும் இருக்கலாம், சோப்புப் போட்டுக் கழுவுன கைதான். தெரியல. லேபுல இருந்தா தூக்கிக் கொட்டுன்னு சொல்லிருப்பேன். கொட்டு. கொட்டிரலாம்லா. கை பட்டுருச்சு, கெட்டுப்போச்சு, கொட்டிட்டேன்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது, இவியள நம்பலன்னு ஆகாது, ஷெரினுக்கும் நிம்மதி. இதுக்குத்தான் கையப் போட்டேனா. அதாவது, மறந்து போட்டேனா, மறந்த மாதிரி போட்டேனா. எனக்கே தெரியல. எனக்குத் தெரியாம என் கை ஒரு வேலையச் செய்யுமா. செஞ்சிருக்கே.

ஷட்டருக்குக் கீழ மொதல்ல இவிய ஷூ தெரிஞ்சுது. நேராத்தான் நின்னுச்சு. குனிஞ்சு உள்ள வரல, வெளியவே நின்னாவ. நான் குனிஞ்சு முகத்தப் பாத்தேன். கண்ணு செவந்திருந்துச்சு, ஆனா அந்தச் செவப்பு இல்ல.

“எங்க போனீங்க இம்புட்டு நேரம்?” அந்தக் குரல்தான் வந்துச்சு. வரக்கூடாதுன்னு நெனச்ச அதே குரலு.

“எங்கயும் போகல. தெருமுனையில வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். முக்கா மணி நேரம்.”

“எதுக்கு?”

“வாசம் அங்கனயே வருதுட்டி.”

நான் ஈரக் கையத் தூக்கிக் காட்டுனேன். “கையப் போட்டுட்டேன். மாவு ஞாபகத்துல. கெட்டுப்போச்சு. கொட்டப் போறேன்.”

இவிய கையப் பாத்தாவ, வாளியப் பாத்தாவ. “கெட்டதுக்குக் கொட்டுதியா, நான் குடிச்சிருவேன்னு கொட்டுதியா?”

தெரியலன்னு சொல்ல வாயத் தெறந்தேன், பயமா இருக்குன்னு வந்துச்சு.

“எனக்கும்தான் பயமா இருக்கு”ன்னாவ. “ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்லா. ஆகுது. நாக்கெல்லாம் ஊறுது. இன்னைக்குக் கூட்டத்துலயும் இதத்தான் சொன்னேன். வண்டியில இருந்துக்கிட்டு, போய் இவகிட்டச் சொல்லவா, ஒண்ணும் இல்லாத மாதிரி சோத்தப் போடுன்னு சொல்லவான்னு பாத்தேன். அப்பல்லாம் ஒங்கிட்டச் சொன்னதில்லைல்லா.”

“அப்ப கொட்டிருதேன். வேண்டாம்ங்க. எனக்கு இது இல்லாட்டா ஒண்ணும் இல்ல.”

“பொய்யி”ன்னாவ. “போன மூணு வாரமா நீ பாத்திரம் கழுவும்போது பாடுத. ஏழு வருசமா நான் அதக் கேக்கல. கொட்டாத. மூடி வையி. ஷட்டர எறக்கி, உள்கதவப் பூட்டு. சாவிய எங்க வைக்கேன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத.” சொல்லிட்டு முன்வாசல் வழியா வீட்டுக்குள்ள போயிட்டாவ. சோத்துப் பானை மூடி எடுக்க சத்தம் கேட்டுது.

வாளிய மூடுனேன். கெடுமோ, பொங்குமோ, ரெண்டு நாள்ல தெரியும். ஷட்டர எறக்குனேன். உள்கதவப் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குள்ள நின்னேன். அரிசி வாளி. அரிசிக்குள்ள இருந்து ஒரு பாட்டில் எடுத்திருக்கேன் அந்தக் காலத்துல. வாஷிங் மெசினுக்குப் பின்னால, அங்க ரெண்டு. பைபிள் வைக்க அலமாரியில, பழைய காலண்டருக்குப் பின்னால. ஷெரினோட ஸ்கூல் பை, அதுல எடுத்த அன்னைக்குத்தான் நான் மொத தடவையா இவியள அடிச்சேன். தலகாணி உறை, மீட்டர் பெட்டி, என் கல்யாணச் சேல மடிப்பு. ஒண்ணொண்ணா நெனச்சுக்கிட்டு ரூம் ரூமாப் போனேன். இந்த வீட்டுல ஒண்ண ஒளிச்சு வைக்கதுக்கு உள்ள எடம் எல்லாம் எனக்கு இவிய காட்டிக் குடுத்ததுதான். இவியளுக்குத் தெரியாத எடம்னு ஒண்ணு எனக்குத் தெரியல. கடைசியில சாவிய எடது கையில பொத்திக்கிட்டுப் போய்ச் சாப்பிட உக்காந்தேன். நேத்து வச்ச மீன்கொழம்பு, சூடு பண்ணி வச்சிருந்தாவ. சோத்துல கை வச்ச பெறவுதான் பாத்தேன், கொழம்பு ஊத்திக்கிடல. வலது கை எச்சிக் கை, எடது கையில சாவி. கரண்டியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இவிய என் கையப் பாக்கல. பாக்காம இருக்கதுக்கு இவிய படுத பாடு எனக்குத் தெரிஞ்சுது, கழுத்து நரம்பு தெரிஞ்சுது. எழுந்து வந்து கரண்டிய எடுத்து என் தட்டுல கொழம்ப ஊத்துனாவ. போதுமான்னு கேட்டாவ. தெரியலன்னு சொன்னேன். இன்னும் ஒரு கரண்டி ஊத்திட்டுப் போய் எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டாவ.